இதயத்துக்கு நல்லது என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தால்

என் கணவருக்கு 2022 நவம்பரில் மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாய் மூடாமல் தாங்கும் கம்பிவலைக் குழாய்கள், அதாவது 2 ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் சிங்கப்பூரில் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் கதவு சாத்தியிருந்த நேரம் குறைவு. பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆரஞ்சும் ஆப்பிளும் ஒரு பக்கம் சேர்ந்தன, இன்னொரு பக்கம் மருந்து சேர்ந்தது.

நாத்தனார் திருச்சியிலிருந்து மருதம்பட்டைப் பொடி கொண்டுவந்தார். கப்பல் பட்டறையில் இவரோடு 20 வருடம் வேலை பார்த்த நண்பர், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் சேர்த்துக் காய்ச்சித் தேன் கலந்த கஷாயத்தை ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்தார். அவர் மனைவி அடுப்படியில் மணிக்கணக்காக நின்று காய்ச்சியது அது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி டான்ஷென் என்ற சீன வேர் மாத்திரை டப்பா கொடுத்தார். என் தங்கை மீன் எண்ணெய். அப்புறம் தேக்காவில் வாங்கிய குக்குலு மாத்திரை, சளிக்கென்று அதிமதுரப் பொடி, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை, கோ-கியூ 10 என்ற துணை உணவு மாத்திரை, ஜொகூரிலிருந்து ஒருவர் வாங்கிவந்த நோனிச் சாறு. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து எண்ணினேன். 9 இருந்தன.

மருத்துவமனை கொடுத்தது 6. ரத்தம் கட்டாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பிசோப்ரோலால், லோசார்ட்டன், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஜிடிஎன் மாத்திரை.

கொண்டுவந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இந்த விஷயம் இவ்வளவு சங்கடமாக இருக்கிறது. நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், மருத்துவம் படித்தவள் இல்லை. அந்த ஒன்பதையும் ஒரு துணிப்பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்து படித்தேன். அடுத்த வருடம் மாமியார் விஷயத்தில் ஒரு பெரிய பயத்தையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு மருந்துகள் வேறாக இருக்கும், ஆகவே முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எதையும் மறைக்க நினைத்துச் சொல்வதில்லை. கஷாயம் அவர்கள் கணக்கில் மருந்தில் சேராது. லேகியம் சேராது, வைட்டமின் மாத்திரை சேராது. முழங்காலில் தேய்க்கும் தைலத்தை நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

ஆகவே வீட்டில் நான் இப்படிக் கேட்கிறேன்: "காலையில் பல் விளக்கியதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாய்க்குள்ளே என்னென்ன போகுது? உடம்பில் என்னென்ன தேய்க்கிறீங்க?" சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பள்ளி நோட்டில் கோடு போட்டு ஆறு கட்டம்: பெயர், எவ்வளவு, எந்த வேளை, எதற்காக, யார் கொடுத்தது, என்றைக்குத் தொடங்கியது. கடைசிக் கட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திடீரென்று ரத்த அழுத்தம் ஏறும்போதோ ரத்தப் பரிசோதனை எண் மாறும்போதோ டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

மருத்துவமனை, பாலிகிளினிக் மருந்துகளின் பெயர் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு லேபிளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். லேபிள் இல்லாத பொடி, வேர், பட்டை என்றால் அதையே கொஞ்சம் சின்னப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தாளரிடம் எல்லாவற்றையும் பையோடு காட்டுவதற்குத் தயங்க வேண்டாம். என்னோடு பேசிய மருந்தாளர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒன்பதையும் மேசையில் பரப்பி, அவருக்குத் தெரிந்ததைச் சொல்லி, சந்தேகம் இருந்ததைத் தேடிப் பார்த்துச் சொன்னார்.

செடியிலிருந்து வந்ததால்தான் கவனம் வேண்டும்

"மூலிகைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது." இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அரளியை மறந்துவிட்டுச் சொல்கிற பேச்சு இது. அரளி விதையை அரைத்துக் குடித்து உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பேர்! அரளி உயிரைப் பறிப்பது இதயத் துடிப்பைக் குலைத்துத்தான். அதே வகை ரசாயனம் ஐரோப்பாவின் ஃபாக்ஸ்குளோவ் செடியிலும் இருக்கிறது. 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், நாட்டு வைத்தியம் செய்த ஒரு மூதாட்டியின் கலவை வழியாக அந்தச் செடியை அறிந்து, நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுத்தால் நன்மை, எவ்வளவு தாண்டினால் நஞ்சு என்று பத்து வருடம் பார்த்து எழுதினார். இன்றைக்கும் கொடுக்கப்படும் டிகாக்சின் மாத்திரை அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்ததுதான். நன்மைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதில் மிகக் குறுகலானது. அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நம் சர்ப்பகந்தாவும் அப்படித்தான். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து வந்த ரெசர்பின் உலகம் முழுவதும் போனது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் தெரிந்த பிறகு அதன் பயன்பாடு குறைந்தது. வேலை செய்யும் சக்தி உள்ள மூலிகைக்கு மோதும் சக்தியும் இருக்கிறது. ஏற்கெனவே ஆறு மாத்திரை சாப்பிடும் உடம்பில் அது எதோடு மோதும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மேசையில் இருந்தவை

மருதம்பட்டையிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதுதான். என் பாட்டி ஊரில் ஆற்றங்கரை முழுக்க மருத மரம். நம் நாட்டு வைத்தியத்தில் இதயத்துக்கென்றே காலங்காலமாகச் சொல்லப்படும் பட்டை அது. இந்தியாவில் நெஞ்சுவலி, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலவற்றில் நல்ல பலன் தெரிந்தும் இருக்கிறது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள், கொஞ்சம் பேர், கொஞ்ச காலம். மாரடைப்பைத் தடுக்கிறதா, உயிரைக் காக்கிறதா என்று ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்த்த ஆய்வு கிடையாது. ரத்த அழுத்தத்தை அது இறக்கக்கூடும். இவர் ஏற்கெனவே பிசோப்ரோலால், லோசார்ட்டன் இரண்டும் எடுக்கிறார், எழுந்து நின்றாலே முதல் மாதம் தலை சுற்றியது. டாக்டர் "இப்போது வேண்டாம்" என்றார். நாத்தனாரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. "சரி அண்ணி, டாக்டர் சொன்னா சரி" என்றார்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைக் கஷாயம் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வந்திருக்கும், "அடைப்பைக் கரைக்கும்" என்ற வாக்கியத்தோடு. இதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: கரைக்காது. சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பதுபோல ரத்தக்குழாயில் அடைப்பு வருவதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் புண்ணும் சேர்ந்து கட்டியாவதுதான் அது. குடலுக்குள் போகும் வினிகர் அந்தச் சுவரைத் தொடப் போவதில்லை. பூண்டு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ரசத்திலும் குழம்பிலும் பூண்டு தாராளமாகப் போடுங்கள். ஆனால் செறிவான பூண்டு மாத்திரையும் இந்த மாதிரிக் கஷாயமும் ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து எடுப்பவருக்கு அது ரத்தக்கசிவு ஆபத்தை மேலும் கூட்டும். இந்தக் கஷாயத்தால் வரும் பெரிய ஆபத்து வேறு. இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, மறுபடியும் மாரடைப்பு வரலாம்.

அதிமதுரத்தில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தொண்டை கரகரத்தால் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுப்போம். அந்த இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சினோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். ஒருநாள் தொண்டைக்கு ஒரு துண்டு மென்றதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தினம் ஒரு ஸ்பூன் என்பதுதான் சிக்கல். சீன மருந்துக் கலவைகளில் கான்சாவ் என்று சொல்வதும் இதே அதிமதுரம்தான். பல கலவைகளில் அது இருக்கும், நமக்குத் தெரியாமலே இரண்டு பக்கமிருந்தும் உள்ளே போகலாம். மாத்திரை ஒழுங்காக எடுத்தும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை என்றால் வீட்டில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி நமக்குப் புதிது, சீனர்களுக்குப் பழையது. பூச்சாவ் சிவப்பு ஒயின் கோழிக்கு நிறம் கொடுப்பது அதுதான். அதில் இருக்கும் மொனாகோலின் கே, 1987-ல் அமெரிக்கா அனுமதித்த, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்தான லோவாஸ்டாட்டினும் ஒரே பொருள்தான். அதனால் கொழுப்பு குறையலாம், அதே காரணத்தால் ஸ்டாட்டினின் தசைவலியும் ஈரல் பாதிப்பும் வரலாம். ஏற்கெனவே அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரண்டு ஸ்டாட்டின் எடுப்பதாக அர்த்தம். எந்த மாத்திரையில் எவ்வளவு மொனாகோலின் இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ்தான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2024 மார்ச்சில் ஜப்பானில் இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொருளையே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சையின் நஞ்சு கலந்திருந்தது. எங்கள் மேசையிலிருந்து முதலில் போனது இதுதான்.

மீன் எண்ணெயைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பெயரில் இரண்டு பொருள் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் இதயத்துக்குச் சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும், மீதி வெறும் எண்ணெய். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவில் 25,871 பேருக்கு தினம் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வில், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குத் தூய்மைப்படுத்திய இபிஏ மருந்தை தினம் 4 கிராம் கொடுத்தபோது இதயப் பிரச்சினைகள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. அது டாக்டர் சீட்டில் கொடுக்கும் மருந்து. கடை மாத்திரையை இரண்டு மூன்றாகக் கூட்டி அதற்கு ஈடுகட்ட நினைக்காதீர்கள். அதிக அளவு எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. நாங்கள் மாத்திரையை விட்டுவிட்டு வாரம் இரண்டு முறை கானாங்கெளுத்தி வாங்குகிறோம், குழம்பாகவோ வாழை இலையில் சுட்டோ.

டான்ஷெனைக் கண்டிப்பாக வேண்டாம் என்றார் மருந்தாளர், ரத்தக்கசிவு காரணமாக. சீன மருத்துவத்தில் அது இதயத்துக்கான முக்கியமான வேர், ஆன்ட்டி சொன்னது பொய்யில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு அது சேரக் கூடாது. ஜின்கோ இலை மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். நோனிச் சாற்றில் பொட்டாசியம் அதிகம். லோசார்ட்டன் போன்ற மருந்து பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த இரண்டும் சேர்வது ஆபத்து. சோடியம் குறைந்தது என்று கடைகளில் விற்கும் பொட்டாசியம் உப்பையும் இதே கேள்வியோடு பாருங்கள். குக்குலுவை 2003-ல் அமெரிக்காவில் 103 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கெட்ட கொழுப்பு குறைவதற்குப் பதில் சற்று ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. கோ-கியூ 10 இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம் நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு வைட்டமின் கே போன்றது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கலாம்.

எதுவுமே உதவாதா என்று என் தங்கை கோபமாகக் கேட்டாள். உதவுகிறவை இருக்கின்றன, ஆனால் அவற்றில் மாயம் எதுவும் கிடையாது. ஓட்ஸ், பார்லியில் உள்ள கரையும் நார்ச்சத்தும் இசப்கோலும் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், அது பல ஆய்வுகளில் தெரிந்தது. இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 2022-ல் அமெரிக்காவில் 190 பேரிடம் 28 நாள் ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்து 5 மில்லிகிராம் கெட்ட கொழுப்பைச் சுமார் 38 விழுக்காடு குறைத்தது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகள் ஒன்றும் வெற்று மாத்திரையைத் தாண்டிக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டின் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும், 28 நாள் குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே தங்கையிடம் சொன்னேன்.

மேசையில் இல்லாத ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். சில ஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் வேண்டாம் என்று எழுதியிருக்கும். என் மாமியார் அதைத் திராட்சை என்று நினைத்துத் திராட்சையை ஒதுக்கிவிட்டு, சீனப் புத்தாண்டுக்கு வந்த பம்ளிமாஸை ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிரேப்ஃப்ரூட் பம்ளிமாஸின் உறவு. திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1989-ல் கனடாவில் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் ருசியை மறைக்கக் கொடுத்த கிரேப்ஃப்ரூட் சாறே ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிட்டதைத் தற்செயலாகக் கண்டார்கள். குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. பம்ளிமாஸிலும் அந்தப் பொருட்கள் இருக்கின்றன. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அத்தையின் சூப்பு

என் மாமியாருக்கு 79 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காகப் பல வருடமாக வார்ஃபரின் எடுக்கிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண், இந்த மருந்து எடுக்காதவர்களுக்கு 1 அளவில் இருக்கும், அவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு காலை, பல் விளக்கிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. முழங்கையில் ஒரு நீலத் திட்டு, எங்கே இடித்தது என்று தெரியவில்லை. அவசரப் பிரிவில் பார்த்தபோது ஐஎன்ஆர் 6-ஐத் தாண்டியிருந்தது.

டாக்டர் கேட்டார், புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று. நானும் இல்லை என்றேன், அத்தையும் இல்லை என்றார். மருந்துப் பெட்டியை நான்தான் நிரப்புகிறேன், ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது அத்தை மெதுவாகச் சொன்னார், "சூப்பு குடிச்சேன்." மூத்தோர் நிலையத்தில் அவரோடு கைவேலை செய்யும் தோழி, முட்டி வலிக்கு நல்லது என்று மூலிகைச் சூப்புப் பொட்டலம் கொடுத்திருக்கிறார். மூன்று வாரமாக, நான் பள்ளிக்குப் போன பிறகு, கோழி எலும்போடு போட்டு வேகவைத்துக் குடித்திருக்கிறார்.

"ஏன் அத்தை சொல்லலை?" என்றேன்.

"இது மருந்தாம்மா? சூப்புதானே."

தோழியைத் தொலைபேசியில் கேட்டபோதுதான் அதில் டாங்குவே என்ற சீன வேரும் டான்ஷெனும் இருந்தது தெரிந்தது. இரண்டுமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டுபவை. ஹாங்காங் மருத்துவர்கள் டான்ஷெனால் இப்படி நேர்ந்தவர்களைப் பற்றி 1990-களிலேயே எழுதியிருக்கிறார்கள். அத்தை மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து நல்லபடியாக வீடு திரும்பினார். மூளைக்குள் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

வார்ஃபரின் எடுப்பவர் வீட்டில் இருந்தால் இன்னும் சில விஷயம் சொல்ல வேண்டும். ஜின்செங், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற மூலிகைகள் எதிர்ப்பக்கம் இழுக்கும், ஐஎன்ஆர் இறங்கி ரத்தம் கட்டலாம். முருங்கைக்கீரை, கைலான் போன்ற கீரைகளில் வைட்டமின் கே அதிகம். அதற்காக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மெத்தில் சாலிசிலேட் உள்ள வலித் தைலத்தைத் தினமும் நிறையத் தேய்த்தாலும் ஐஎன்ஆர் ஏறலாம். அப்பிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதிய மருந்து எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர் பார்ப்பதில்லை. அதனால் மூலிகை மோதினால் காட்டிக்கொடுக்கும் எண்ணும் கிடையாது, ஆகவே அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கே வாங்கும்போது

சிங்கப்பூரில் விற்கிறார்கள் என்றால் அரசாங்கம் சோதித்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. சீனத் தயார் மருந்துகளை விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பட்டியலிட வேண்டும், அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் வைட்டமின், மீன் எண்ணெய் போன்ற துணை உணவு மாத்திரைகளுக்கும் நம் இந்திய மருந்து, மலாய் ஜாமு போன்றவற்றுக்கும் விற்பனைக்கு முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. தடைசெய்த பொருள் கலந்தது பிடிபட்டால் ஆணையம் எச்சரிக்கை வெளியிடும். வாங்குவதற்கு முன் பொருளின் பெயரை அங்கே ஒரு தடவை தேடுங்கள். உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்கே இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படி எழுதியிருந்தால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து சூட்கேசில் வரும் பற்பம், செந்தூரம், லேபிள் இல்லாத லேகியம் இவற்றில் எனக்குப் பயம் அதிகம். 2004-ல் அமெரிக்காவின் போஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சித்த மருத்துவத்தில் சேரும் நாபி என்ற நச்சுக் கிழங்கு முறையாகச் சுத்தி செய்யப்படாவிட்டால் நேராக இதயத் துடிப்பையே குலைக்கும்.

இன்னொன்றை வெட்கப்படாமல் எழுதுகிறேன். மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியத்தில் தயக்கம் வருவது சகஜம், கொஞ்சம் மருந்தினால், கொஞ்சம் பயத்தினால். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு "மூலிகை சக்தி" மாத்திரையை ஆண்கள் ரகசியமாக வாங்குகிறார்கள். அவற்றில் வயாக்ரா மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பதை ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. ஜிடிஎன் வைத்திருப்பவர் அதையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும், உயிருக்கே ஆபத்து. 2008-ல் இங்கே நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த வருடம் ஜனவரியிலிருந்து மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். கள்ளத்தனமாக விற்ற பாலுறவு மாத்திரைகளில் நீரிழிவு மருந்து கலந்திருந்ததுதான் காரணம். எடை குறைக்கும் காப்பி, டீ வகைகளிலும் கவனம் வேண்டும். இதயத்துக்குக் கெடுதல் என்று 2010-ல் விலக்கிய சிபுட்ராமின் என்ற எடை குறைப்பு மருந்து அவற்றில் இன்னும் அகப்படுகிறது.

டாக்டர் சரி என்று சொன்ன பொருளைத் தொடங்கும்போதும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொடங்குங்கள். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்து எழுதுங்கள், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டு வையுங்கள். பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ தேதி கொடுத்தால் அன்றைக்கே மூலிகைப் பட்டியலைச் சொல்லுங்கள். பலவற்றை ஒன்று இரண்டு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் இவற்றை மட்டும் அவர்கள் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், திடீர்த் தலைவலியோடு வாந்தி, முகம் கோணுதல், நெஞ்சில் இறுக்கம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் எந்தக் கஷாயத்தையும் தேட வேண்டாம், 995-ஐ அழையுங்கள்.

கொடுப்பவர் மனம் நோகாமல்

வாங்க மறுத்தால் அன்பை மறுத்ததுபோல ஆகிவிடுகிறது. நான் வாங்கிக்கொள்கிறேன். "ரொம்ப நன்றிண்ணே. எதைக் கொடுக்கிறதா இருந்தாலும் காட்டிட்டுத்தான் கொடுக்கணும்னு மருந்தாளர் சொல்லியிருக்காங்க. லேபிளைக் காட்டிட்டு உங்களுக்குச் சொல்றேன்" என்கிறேன். சொன்னபடி மருந்தாளர் சொன்ன பதிலை அவருக்குத் தெரிவிக்கிறேன், அதுதான் முக்கியம். கஷாயம் கொடுத்த நண்பரிடம் அடைப்பு எப்படி உண்டாகிறது என்று விளக்கினேன். அவருக்கே 6 வருடமாகக் கொழுப்பு அதிகம், மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் தன் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போனார். இப்போது இருவரும் சாயங்காலம் அட்மிரல்டி பூங்காவில் சேர்ந்து நடக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். அத்தையின் சூப்புப் பொட்டலத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு டாக்டர் கேட்டபோது, காலி உறை குப்பைக் குழாய் வழியாகப் போயிருந்தது. தோழி தொலைபேசியை எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது குளிர்பெட்டிக்கு மேலே ஒரு காலி மைலோ டின் இருக்கிறது. வீட்டுக்குள் வரும் எந்தப் பொட்டலம், பாட்டில், டப்பாவானாலும் அதன் உறை அதற்குள் போகும், மேலே தேதி எழுதி. அத்தைக்கு எழுத்து சரியாகத் தெரியாது என்பதால் நாள்காட்டித் தாளைக் கிழித்து உறையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார். போன வாரம் திறந்து பார்த்தேன். இசப்கோல் அட்டை ஒன்று, தோழி கொடுத்த இன்னொரு சூப்புப் பொட்டலம் பிரிக்காமல், அதோடு ஒரு வியாழக்கிழமைத் தாள்.